உச்சி எது, அடி எது?

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்க மண்டபத்தில் நடைபெற்ற இளைஞர் பேச்சரங்கை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். "நான் போற்றும் ஒருவர்" என்பது கொடுக்கப்பட்ட பொருள். தமிழ், ஆங்கிலம், இந்தி ஆகிய மூன்றில் எது நாவுக்கு இசைகிறதோ அதிலே பேசலாம் என்பது விதி. தலைநகரில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு எது இசைந்தது என்று சொல்லவும் வேண்டுமோ! பதினொருவர் பேசினர். எழுவர் ஆங்கிலத்திலும் மூவர் இந்தியிலும் முழங்க, ஒரே ஒரு சிறுமி மட்டும் தமிழில் பேசி அமர்ந்தாள்.

பத்தாம் வகுப்பில் பயிலும் மாணவன் ஒருவன் தன் பாட்டியைப் பற்றி ஆங்கிலத்தில் பேசினான். நல்ல குரல், தயக்கமற்ற நடை. பாட்டியம்மையார் முதல் வரிசையில் நமக்கு அடுத்த நாற்காலியில் அமர்ந்து, ஒரு சொல்லும் விளங்காமலே ஒவ்வொரு சொல்லுக்கும் தலையசைத்துக்கொண்டிருந்தார். தாயும் தந்தையும் அலுவலகம் சென்றுவிட, தன்னையும் தங்கையையும் வளர்த்தவர் பாட்டியே என்று உருக்கமாகச் சொல்லிவந்த பிள்ளை, முடிவில் குரலை உயர்த்தி, தன் பாட்டி பொறுமையின் 'நேடிர்' என்று கூறிக் கைகூப்பினான். பின்வரிசையில் சிலர் வாய்விட்டுச் சிரித்துவிட்டனர். 'நேடிர்' என்பது ஆங்கிலத்தில் அடியினும் அடி, தாழ்வின் எல்லை. பாட்டியிடம் பொறுமை அற்றே போய்விட்டது என்று பேரன் சபையறியச் சொன்னதாக ஆயிற்று.

"ஏன் தம்பி, எல்லாரும் சிரிக்கிறாங்க? பிள்ளை என்ன சொன்னான்?" என்று பாட்டியம்மையார் நம்மைக் கேட்டார்.

"உங்களைப் பற்றிப் பெருமையாகத்தான் சொன்னான், அம்மா" என்றோம்.

"பெருமையாச் சொன்னான்னு எனக்கும் தெரியுது. என்ன சொன்னான்னு கேட்கிறேன்."

நாம் விழித்தோம். பிள்ளை சொன்னதைச் சொல்லலாகாது. சொல்ல நினைத்ததையாவது சொல்வோமென்றால், அதற்குரிய ஆங்கிலச் சொல் நினைவில் நின்றதேயொழிய அதற்கு நேரான தமிழ் அந்நேரம் வாயில் வரவில்லை. முப்பது ஆண்டுகள் கோப்புகளில் ஆங்கிலம் எழுதிப் பழகிய கை; அதோடு சேர்ந்து நாவும் பழகிவிட்டது போலும். நல்லவேளையாகக் கைதட்டல் எழுந்தது. அதைச் சாக்கிட்டுத் தப்பினோம்.

அதன் பிறகு இரண்டு திங்கள் அப்பிள்ளை சங்கத்துப் பக்கமே தலைகாட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் வரவில்லை. அவன் தந்தையாரைக் கடைத்தெருவில் கண்டு வினவியபோது, பையில் இருந்த ஓர் அச்சுத்தாளை எடுத்துக் காட்டினார். போட்டித் தேர்வுகளுக்கென்று பயிற்சி நிலையம் ஒன்று கொடுத்த சொற்பட்டியல் அது. மத்திய அரசுப் பணித் தேர்வுகளில் ஒரே பொருள் தரும் சொல், எதிர்ச்சொல், தொடருக்கு ஒரு சொல் என்று ஆங்கில வினாக்கள் வருவதை அன்பர்கள் அறிவர். அவற்றைக் கருதிப் பத்தாம் வகுப்பிலேயே பிள்ளைகள் பட்டியலை உருவேற்றத் தொடங்கிவிடுகின்றனர். அத்தாளில் 'எல்லைப் புள்ளிகளும் சிறந்த எடுத்துக்காட்டுகளும்' என்ற ஒரே தலைப்பின்கீழ் இருபது சொற்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. ஜெனித், நேடிர், ஆக்மி, ஆப்பஜீ, எபிட்டமி, பாரகன், குவின்டெஸன்ஸ் என்று எல்லாம் ஒரே சாக்கில் கட்டிய காய்கறிகள்போலக் கிடந்தன. சொல்லுக்கு எதிரே பொருள் இரண்டு மூன்று ஆங்கிலச் சொற்களில் இருந்தது. பிள்ளையைக் குறைகூறி என்ன பயன்? கத்தரிக்காயையும் பாகற்காயையும் ஒரே பெயரிட்டு விற்றால், குழம்பு கசப்பதற்குச் சமைத்தவள் பொறுப்பாவாளா?

இச்சொற்களுள் ஒன்றேனும் வெறும் 'மிக உயர்ந்தது' என்ற பொருளோடு பிறந்ததன்று. ஒவ்வொன்றும் கண்ணால் காணத்தக்க ஒரு பொருளாகவோ செயலாகவோ பிறந்து, பின்னரே புகழ்மொழியாயிற்று. அப்பொருளைக் காட்டிவிட்டால் சொல் மறக்காது, மாறாது. அதைக் காட்டுவதற்கு நம் வீட்டுத் தமிழே போதும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

பங்குனி மாதத்து ஞாயிறு ஒன்றில், வகுப்புப் பிள்ளைகள் அறுவரை ஜந்தர் மந்தருக்கு அழைத்துச் சென்றோம். அந்தப் பிள்ளையும், தந்தையார் வற்புறுத்தியதால், கடைசியாக வந்து சேர்ந்துகொண்டான். நாடாளுமன்றத் தெருவில், கன்னாட் பிளேசிலிருந்து நடந்துசெல்லும் தொலைவில் இருக்கும் இந்த வானாய்வுக் கூடத்தை, ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் சவாய் ஜெய்சிங் 1724-ஆம் ஆண்டளவில் கட்டுவித்தார். பெரிய முக்கோண மதில்போல நிற்கும் சாம்ராட் யந்திரத்தை எல்லாரும் படம் எடுத்துக்கொள்கின்றனர். நாம் காட்ட விரும்பியதோ அதன் பக்கத்தில் தரையோடு தரையாகக் குழிந்திருக்கும் ஜெயப்பிரகாச யந்திரம். இரண்டு அரைக்கோளக் கிண்ணங்கள். வானத்தைக் கவிழ்த்த கிண்ணமாகக் கருதி, அதை நிமிர்த்தித் தரையில் வைத்தால் எப்படியிருக்கும்? அதுதான் இது. கிண்ணத்தின் விளிம்பு அடிவானம். விளிம்பின் குறுக்கே கட்டிய கம்பிகள் சந்திக்கும் இடத்தின் நிழல் கிண்ணத்துள் எங்கே விழுகிறதோ, அங்கே கதிரவன் இருக்கிறான் என்று கொள்ள வேண்டும். கோடுகள் பல இன்று தேய்ந்துவிட்டன. ஆயினும் அமைப்பு விளங்குகிறது.

"நம் தலைக்கு நேர்மேலே உள்ள வானத்துப் புள்ளி இந்தக் கிண்ணத்தில் எது?" என்று கேட்டோம். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தனர். நம் பேச்சாளப் பிள்ளை மட்டும் குனிந்து பார்த்து, "அடிப்பக்கம், ஐயா" என்றான். உண்மை. கிண்ணத்தின் மிகத் தாழ்ந்த இடமே வானத்தின் மிக உயர்ந்த இடம். "அப்படியென்றால் நான் சொன்னது இங்கே சரிதானே?" என்று அவன் சொல்லவும், இரண்டு மாதத்துக்குப்பின் அவனும் சிரித்தான், நாமும் சிரித்தோம்.

அந்தத் தலைக்கு நேர்மேற் புள்ளிதான் ஜெனித். அரபு வானநூலார் அதனைத் தலைக்கு மேலான வழி என்ற பொருளில் 'சம்த் அர்-ரஃஸ்' என்றனர். ஐரோப்பாவில் அரபு நூல்களை இலத்தீனில் பெயர்த்தபோது, 'சம்த்' என்பதிலுள்ள மகர எழுத்தின் மூன்று கீற்றுகளை ஏடு படியெடுத்தவர் 'நி' என்று பிரித்துப் படித்துவிட்டார். அப்பிழையே 'செனித்' ஆகிப் பின் ஜெனித் ஆயிற்று என்பது அகராதியாளர் தரும் விளக்கம். நம் தமிழிலோ ஏடும் வேண்டாம், பிழையும் வேண்டாம். உச்சி என்றால் தலையின் நடு. எண்ணெய் வைக்கும் இடம். அதற்கு நேர்மேலே கதிரவன் வருவது உச்சிப்பொழுது. அரேபியரும் தமிழரும் ஒருவரை ஒருவர் கேளாமலே ஒரே தலையைத் தொட்டிருக்கின்றனர்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. தில்லியில் கதிரவன் ஒருநாளும் உச்சிக்கு வருவதில்லை. கடகரேகைக்கு வடக்கே இருப்பதால், ஜூன் 21-ஆம் நாளன்றுகூட நண்பகற் கதிரவன் உச்சிக்குத் தெற்கே ஏறத்தாழ 5 பாகை தள்ளியே நிற்கும். சென்னையில் ஏப்ரல் பிற்பகுதியில் ஒருமுறையும், ஆகஸ்டு நடுப்பகுதியை ஒட்டி ஒருமுறையும், ஆக ஆண்டுக்கு இருமுறை உள்ளபடியே உச்சியில் நின்று, நாட்டிய கோலின் நிழல் அதன் காலடியிலேயே மறையும். தில்லிக் கிண்ணத்தின் அடிப்புள்ளியில் அந்தக் கம்பி நிழல் என்றும் விழுந்ததில்லை. ஆயினும் மே மாதத்தில் நம் வீட்டுப் பெண்டிர், "இந்த உச்சி வெயிலில் எங்கே கிளம்பினாய்?" என்றுதான் பிள்ளைகளை அதட்டுகின்றனர். ஊரிலிருந்து கொண்டுவந்த பாத்திரங்களோடு அந்தச் சொல்லையும் மூட்டையில் கட்டி வந்திருக்கிறோம்.

நிற்க. நேடிர் என்ற சொல்லுக்கு வருவோம். அதுவும் அரபுதான்: 'நழீர் அஸ்-சம்த்', அதாவது உச்சிக்கு எதிர்நேரானது. காலடியை ஊடுருவிப் பூமியையும் துளைத்துக்கொண்டு மறுபுறம் சென்றால் வரும் வானப்புள்ளி. 'நழீர்' என்றால் நேர், இணை, ஒப்பு என்பதே பொருள். தாழ்வு என்ற பொருள் அதில் இல்லை. இணையைச் சொன்னவர்கள் எதற்கு இணை என்ற பகுதியைக் காலப்போக்கில் விட்டுவிட, ஆங்கிலத்தில் அது அதலபாதாளத்துக்குப் பெயராயிற்று. இதே அரபுச் சொல் நாள்தோறும் நம் பிள்ளைகளின் காதில் வேறு பொருளோடு விழுகிறது என்பதுதான் வியப்பு. இந்தியிலும் உருதுவிலும் 'நஜீர்' என்றால் எடுத்துக்காட்டு, நீதிமன்றத்தில் முன்தீர்ப்பு. ஒருவர் நற்செயல் புரிந்தால் 'நஜீர்' படைத்தார் என்று இந்தி நாளிதழ்கள் எழுதுகின்றன. 'பேநஜீர்' என்றால் இணையற்றவர். அந்த அரபு ஒலி மேற்கே சென்று டகரமாயிற்று. இங்கே வந்து ஜகரமாயிற்று. ஆக, நம் பிள்ளை பாட்டியை 'நேடிர்' என்றது ஆங்கிலத்தில் பிழை. அதே சொல்லின் தில்லி உருவத்தைச் சொல்லியிருந்தால் பாராட்டு! இதை அவனிடம் சொன்னபோது அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

ஆப்பஜீ என்பதும் வானநூற் சொல்லே. பூமியைவிட்டு விலகியது என்பது அதன் கிரேக்கப் பொருள். சந்திரன் பூமியைச் சுற்றும் பாதையில் மிகத் தொலைவான இடம் அது. சுமார் 4,05,000 கிலோமீட்டர். ஆங்கிலத்தார் ஒருவர் புகழின் ஆப்பஜீயில் இருந்தார் என்று எழுதுவர். உள்ளபடி அவ்விடத்தில் சந்திரன் சிறிதாகத் தோன்றும், மெதுவாகவே நகரும். இதனால்தான் நம் நாட்டுப் பழைய கணித நூலார் அதனை மந்தோச்சம் என்றனர். மந்தமாகச் செல்லும் உச்சம். (ஜாதகத்தில் சொல்லும் உச்சம் வேறு, அதை இதனோடு குழப்ப வேண்டாம்.) இந்த 'உச்ச' என்ற சொல்லே அரபியில் 'அவ்ஜ்' ஆகி, ஸ்பானிய மொழியில் 'ஆவுஹே' என்று செழிப்பின் உச்சியைக் குறிக்கிறது என்பர் ஸ்பானிய அகராதியார். சொற்களும் நம்மைப் போலக் குடிபெயர்வனவே. வாடகை வீடு மாறுவதுபோலப் பொருள் மாறிக்கொள்கின்றன.

இனி வழக்கைப் பார்ப்போம். நேடிரை ஏறியிறங்கும் பொருளுக்கே சொல்ல வேண்டும். ஒரு நாட்டின் செல்வாக்கு, இரு வீட்டாரின் உறவு, ஆட்டக்காரரின் திறன் என்பன அடிமட்டத்தை அடைந்த வேளை அவற்றின் நேடிர். இதனால் பொறுமையின் நேடிர் என்றால் பொறுமை வற்றிய நேரம் என்றாகிறது. தீமைக்கெல்லாம் இதுதான் சொல் என்று எண்ணவும் கூடாது. மடமையையும் இறுமாப்பையும் ஆங்கிலத்தார் உயரத்தால் அளக்கின்றனர். அவை வளர்ந்து மேலே ஏறுவன. துயரத்தையும் விரக்தியையும் ஆழத்தால் அளக்கின்றனர். அவற்றில் மனிதன் மூழ்குகிறான். நாமும் திமிர் தலைக்கேறியது என்கிறோம். துன்பத்தில் ஆழ்ந்தார் என்கிறோம். தமிழில் சொல்லிப் பார்த்தால் எது ஏறும், எது இறங்கும் என்பது பெரும்பாலும் தானே தெரிந்துவிடும்.

பிள்ளைக்கு அன்று வேண்டியிருந்த சொல் எபிட்டமி. இதனை எழுத்தைப் பார்த்து 'எபிடோம்' என்று மூன்றசையாகச் சொல்வோர் நம்மிடையே மிகப் பலர். அலுவலகத்தில் நம் மேலாளராக இருந்த ஒருவர் ஓய்வு பெறும் நாள்வரை அப்படியே சொன்னார். யாரும் திருத்தத் துணியவில்லை, நாமும்தான். கிரேக்கத்தில் அதற்கு வெட்டிச் சுருக்கியது என்பது பொருள். பெரிய நூலின் சுருக்கமே முதலில் எபிட்டமி எனப்பட்டது. லிவி என்னும் உரோமானிய வரலாற்றாசிரியர் 142 புத்தகங்களாக எழுதிய வரலாற்றில் இன்று நமக்கு எஞ்சியவை 35 மட்டுமே. ஏனையவற்றுள் பெரும்பாலானவற்றில் என்ன இருந்தது என்பதைப் பிற்காலத்தார் எழுதிவைத்த சுருக்கங்களைக் கொண்டே அறிகிறோம். முழு நூலும் போய்விட்டாலும் சுருக்கத்தைப் பார்த்து முழுமையை உணரலாம் என்ற இக்கருத்திலிருந்துதான், ஒரு குணம் முழுவதும் ஒருவரிடத்தில் சுருங்கித் திரண்டிருந்தால் அவரை அக்குணத்தின் எபிட்டமி என்னும் வழக்கு வந்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அந்த ஒரு சோறு எபிட்டமி. இதனால் உச்சி என்ற பொருளில் இதைக் கையாள்வது பிழை. ஒருவர் தம் தொழில் வாழ்வின் எபிட்டமியை அடைந்தார் என்று எழுதினால், அவர் சுருங்கிப்போனார் என்றல்லவா கேட்கும்! நற்குணத்துக்கும் தீக்குணத்துக்கும் இது பொதுவானது. சோம்பலின் எபிட்டமி என்றும் சொல்லலாம்.

தமிழில் இதற்கு ஈடு உண்டா? உண்டு என்று மட்டும் சொன்னால் போதாது. ஆங்கிலத்தைவிட அழகான ஈடு உண்டு. பொறுமைக்கு இலக்கணம் என்கிறோம். வேறொரு மொழியில் ஒரு மனிதரை இலக்கணநூல் என்று அழைத்தால் கேட்பவர் ஓடிப்போவர். நமக்கோ அது புகழின் எல்லை. அவர் நடப்பதைப் பார்த்துத்தான் பொறுமை இன்னதென்று விதி எழுத வேண்டும் என்னும் கருத்து அதில் அடங்கியிருக்கிறது. பொறுமையே உருவானவர் என்பதும் அத்தகையதே. விழாவன்று இவ்விரண்டும் நம் நினைவுக்கு வராமற்போனதை எண்ணினால் இன்றும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

குவின்டெஸன்ஸ் என்பதை விளக்குவதற்குக் காப்பி வடிகட்டியே போதும். மண், நீர், தீ, காற்று என்னும் நான்கால் இவ்வுலகம் ஆயிற்று என்று கிரேக்கர் கொண்டனர். விண்மீன்கள் இயங்கும் வானுலகு அந்நான்கால் ஆனதன்று, அழிவற்ற வேறொன்றால் ஆனது என்றார் அரிஸ்டாட்டில். அதனைப் பிற்காலத்தார் ஐந்தாம் பொருள் என்று இலத்தீனில் பெயரிட்டனர். ஐம்பூதம் என்று எண்ணிப் பழகிய நமக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. ஆகாயத்தை முதலிலிருந்தே கணக்கில் வைத்துக்கொண்டோம். இடைக்கால இரசவாதிகள் அந்த ஐந்தாம் பொருள் எல்லாப் பொருள்களுள்ளும் மறைந்திருக்கிறதென நம்பி, காய்ச்சிக் காய்ச்சி வடித்துப் பார்த்தனர். மதுவை மீண்டும் மீண்டும் வடித்து அதுவே என்று மகிழ்ந்தோரும் உண்டு. எது வடித்து எடுத்த சாரமோ அது குவின்டெஸன்ஸ். நம் வீடுகளில் விருந்தினருக்கென்று எடுத்துவைக்கும் முதல் டிகாக்‌ஷன் அது. இரண்டாவது முறை வெந்நீர் ஊற்றி இறக்கியதைப் பெற்ற கணவன்மார் வேறுபாட்டை நன்கு அறிவர். சாரம், பிழிவு என்று தமிழில் சொல்லலாம். ஓர் ஊரின், ஒரு காலத்தின், ஒரு வகையின் தனித்தன்மை முழுவதும் இறங்கியிருப்பதையே இச்சொல்லால் குறிக்க வேண்டும். மேன்மையைக் குறித்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஹாம்லெட் நாடகத்தில் ஷேக்ஸ்பியர், மனிதனை வானளாவப் புகழும்போது பாரகன் என்ற சொல்லையும், அதே மூச்சில் அவனை வெறும் புழுதியெனத் தள்ளும்போது குவின்டெஸன்ஸ் என்ற சொல்லையும் ஆண்டிருக்கிறார். இரண்டுக்கும் உள்ள வேற்றுமைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பாரகன் என்றால் என்ன என்று கேட்டபோது பிள்ளைகள் அறுவரும் ஒரே குரலில், "செருப்பு!" என்றனர். விளம்பரத்தின் வலிமையே வலிமை. அது பழைய இத்தாலிய மொழியில் உரைகல்லுக்குப் பெயர். தீட்டுக்கல்லில் உரசுவது என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பர். பொன்னைத் தேய்த்து மாற்று அறியும் கறுப்புக் கல்லைத் தமிழர்க்கு விளக்கவும் வேண்டுமோ? திருவள்ளுவர் 505-ஆம் குறளில் இதனைக் கட்டளைக்கல் என்று சுட்டுகிறார். ஒருவரது பெருமை சிறுமைகளைத் தேர்ந்தறிய அவரவர் செயலே அந்தக் கல் என்பது கருத்து. இங்கே ஒரு நுட்பம் காண்க. தமிழில் கல் கல்லாகவே நின்றது. சோதிப்பது வேறு, சோதனைக்கு உள்ளாவது வேறு. ஆங்கிலத்திலோ சோதித்த கல்லே பொன்னாக மாறிவிட்டது. மற்றவரை எவரோடு உரைத்துப் பார்க்கலாமோ அவரே பாரகன் எனப்பட்டார். மாசில்லாத, நூறு காரட்டும் அதற்கு மேற்பட்டதுமான வைரத்தையும் மணி வணிகர் இப்பெயரால் அழைப்பர். இதனால் குற்றமுள்ளதற்கு இச்சொல் பொருந்தாது. சோம்பலின் பாரகன் என்றால் கேலியாகவே கொள்ளப்படும். நல்லொழுக்கத்தின் பாரகன் என்ற தொடரும் இக்காலத்தில் பாதி கேலியாகிவிட்டது. வேலைக்கு விண்ணப்பம் எழுதும் இளைஞர் தம்மைத் தாமே அவ்வாறு வருணித்துக்கொள்ளாமலிருப்பது நன்று.

ஏடு படியெடுத்தோரின் பிழை ஒரு சொல்லை ஆக்கியதைக் கண்டோம். இன்னொன்றும் உண்டு. ஆக்மி என்பது கிரேக்கத்தில் கூர்முனை. பின்பு, வாழ்வின் முதிர்ந்த பருவம். கிரேக்கக் காலவரிசை எழுதியோர் ஒருவருடைய ஆக்மியை ஏறத்தாழ 40-ஆம் வயதில் வைத்து எண்ணினர். (நாற்பதைக் கடந்த அன்பர்கள் மன்னிக்க, நாமும் உடன் வருகிறோம்.) முகத்தில் எழும் முனை என்று இதே சொல்லை மருத்துவ நூலில் எழுதியிருக்க, படியெடுத்தவர் மகரத்தை னகரமாக்கிவிட்டார். அதிலிருந்து பிறந்ததே முகப்பருவுக்கு ஆங்கில மருத்துவர் வழங்கும் 'ஆக்னி'. பதின்பருவத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். ஆக்மியை ஒருகாலும் மறவார்.

கிளைமாக்ஸ் என்பதை நம் திரைப்படங்கள் தமிழாக்கியே விட்டன. கிரேக்கத்தில் அது ஏணி. ஒரு தொடரின் இறுதிச் சொல்லே அடுத்த தொடரின் முதலாகப் படிப்படியாக ஏறும் பேச்சணிக்கு அது பெயராயிருந்தது. நம் அந்தாதிக்கு ஒருவகைத் தம்பி. ஏணியின் மேற்படி மட்டுமே அது என்ற பொருள் ஆங்கிலத்தில் பரவியது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித்தான். கிரெசெண்டோ என்ற இசைச்சொல்லும் அப்படியே. ஒலி வளர்வதே கிரெசெண்டோ. வளர்ந்து முடிந்த இடமன்று. நாகசுரக்காரர் மெல்லத் தொடங்கி ஏற்றிக்கொண்டு போகிறாரே, அந்தப் போக்கு.

இச்சொற்களைக் கற்றவுடன் கைக்குக் கிடைத்த இடமெல்லாம் தெளித்துவிடும் ஆசை பிள்ளைகளுக்கு எழும். உச்சியில் ஏறி நிற்கும் சொல்லுக்குமுன் 'மிக' என்று பொருள்படும் ஆங்கில அடைகளைச் சேர்ப்பது, ஏணி முடிந்தபின் இன்னொரு படி தேடுவதற்கு ஒப்பாகும். ஒரு கட்டுரைக்கு ஒரு சொல் போதும். இரண்டாவது வந்தால் முதலாவது பொய்யாகிவிடும். விழாத் தலைவர்களைப் புகழும் நம் சங்கத்துப் பேச்சாளருக்கும் இது பொருந்தும் என்று யாராவது சொன்னால் நாம் மறுக்கப் போவதில்லை.

ஜந்தர் மந்தரிலிருந்து திரும்பும்போது மாலையாகிவிட்டது. அப்பிள்ளையை அவன் இல்லத்தில் விட்டுவரச் சென்றோம். பாட்டியம்மையார் அடுக்களையில் இருந்தார். வந்தவரைக் காப்பி குடிக்காமல் அனுப்பும் வழக்கம் அவ்வீட்டில் இல்லை. உரைகல்லைப் பற்றிப் பேரன் ஆவலோடு சொல்லத் தொடங்கியதும், "பத்தர் கடையிலே தேய்ச்சுப் பார்ப்பாரே, அந்தக் கறுப்புக் கல்லா? என் காசுமாலையை அதிலே தேய்ச்சுத்தான் உங்கப்பாவோட படிப்புக்குப் பணம் வாங்கினோம்" என்றார் அவர். அந்தச் செய்தி பிள்ளைக்குப் புதிது போலும். சற்று நேரம் ஒன்றும் பேசாமல் நின்றான்.

பின்பு, "பாட்டி, பொங்கல் அன்னிக்கு நான் ஒரு சொல்லைத் தப்பாச் சொல்லிட்டேன். அதுக்குத்தான் எல்லாரும் சிரிச்சாங்க" என்றான்.

"இருக்கட்டும். எதைச் சொல்ல வந்தே?"

பிள்ளை நம்மைப் பார்த்தான். நாம் வாய் திறக்கவில்லை.

"நீங்க பொறுமைக்கு இலக்கணம்னு சொல்ல வந்தேன், பாட்டி."

பாட்டியம்மையார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இதைச் சொல்லவா ரெண்டு மாசம் ஆச்சு?" என்றவர், அடுப்புப் பக்கம் திரும்பி, "பால் பொங்குது பார், அணை!" என்று இரைந்தார்.